பத்து வருஷத்துக்கு ஒரு மதர்போர்டு

சாப்பாட்டு மேசையில் ரசக் கிண்ணத்தையும் ஊறுகாய் பாட்டிலையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அட்டைப்பெட்டியின் மேல் மதர்போர்டை வைத்திருந்தோம். அதன் மேலிருந்த சின்னக் காற்றாடி சுற்றியது. போர்டின் விளிம்பில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

என் மகள் ஜெசிந்தா சுவிட்சை அணைத்தாள். காற்றாடியைக் கழற்றி, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை எடுத்துத் தனியே வைத்தாள். பிறகு செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பிராசசர் உட்காரும் சதுரக் குழிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். அதற்குச் சாக்கெட் என்று பெயர். உள்ளே நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக, தங்க நிறத்தில் பின்கள் நிற்கும். வெகுநேரம் பார்த்தாள்.

நான் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. டார்ச்சை நான் பிடிக்கட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளே என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்.

"நைனா, மூலையில சில பின்னு வளைஞ்சிருக்குது. பிராசசர வைக்கும்போது நான்தான் வளைச்சிட்டேன் போல."

"அப்படியா," என்றேன்.

அப்படியா என்பது பொய்யில் சேராது என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். ஆனால் நான் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் நல்லாசிரியனாக உலா வந்துவிட்டேன். என்னைப் போல ஒரு தகப்பன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுகூட ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் இந்த வாரத்தையும் படித்துவிடுவது நல்லது.

காசு அவளுடையது

ஜெசிந்தா சிவில் டிப்ளமோ படித்தவள். பெங்களூரில் இருந்துவிட்டு, செஞ்சிக்கே திரும்பி வந்திருந்தாள். ஏன் திரும்பினாள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திண்டிவனத்தில் வீடு கட்டித் தரும் இன்ஜினியர் ஒருவர் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். தளவானூரில் ஒரு விவசாயி வீடு கட்டப்போகிறார். கட்டி முடித்தால் வீட்டின் முகப்பு எப்படி இருக்கும், எந்தப் பக்கம் வெயில் விழும், கேட்டுக்கு என்ன வர்ணம் என்றெல்லாம் நிஜ வீட்டைப் புகைப்படம் எடுத்தது போலக் கம்ப்யூட்டரில் செய்து காட்ட வேண்டும். கடைக்கால் போடும் நாளுக்குள் படம் வந்தால், இனி வரும் வீடுகள் எல்லாம் அவளுக்கே. வராவிட்டால் விழுப்புரத்தில் வேறு ஆள் இருக்கிறது.

அவளிடம் இருந்த லேப்டாப் இந்த வேலையைத் தொட்டதும் மூச்சு முட்டி நின்றுவிடும். கடையில் செய்து விற்கும் கம்ப்யூட்டர் விலை அவளுக்குக் கட்டாது. அதனால் பாகம் பாகமாக வாங்கி, தானே கோர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். சேமிப்பு அவளுடையது. வேலை அவளுடையது. வேலை தெரிந்தவளும் அவள்தான்.

யோசனை மட்டும் என்னுடையதாக இருக்கட்டும் என்று நான் முன்வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு கட்சி

பிராசசர் செய்வதில் பெரிய கம்பெனிகள் இரண்டு. இதைப்பற்றி வீடியோ போடுகிறவர்கள் சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று பிரித்துப் பேசுவார்கள். மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் இயற்பியல் நடத்தியவன் நான். நடுநிலையோடு ஆராய்வேன் என்று சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் தீவிர சிவப்பாகிவிட்டேன்.

ஆங்கில வீடியோ பார்த்தேன். தமிழ்ப் பையன்கள் கத்துவதைப் பார்த்தேன். இந்தி தெரியாமலே இந்தி வீடியோவும் பார்த்தேன். வரைபடம் வந்தால் தலையாட்டுவேன். காலையில் கோட்டை அடிவாரத்தில் என்னோடு நடக்க வரும் சண்முகம், பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கம்ப்யூட்டரில் சீட்டாடத் தெரியும், வேறு தெரியாது. நான் சிவப்பு என்றதற்காகவே அவர் நீலமானார். ராஜகிரி மலையில் குரங்குகள் எங்களை வேடிக்கை பார்த்தன. ஒரு நாள் சண்டை முற்றி, நான் வடக்குப் பக்கமும் அவர் தெற்குப் பக்கமுமாகத் தனித்தனியே நடந்தோம்.

நியாயமாகப் பார்த்தால் எந்தக் கட்சி என்பது பெரிய கேள்வியே இல்லை. பழைய பிளாட்பாரமா, புதிய பிளாட்பாரமா என்பதுதான் கேள்வி. எந்தச் சாக்கெட், அதில் எந்தப் பிராசசர் உட்காரும், எந்த ரேம் பொருந்தும் என்ற மொத்த ஏற்பாட்டுக்கும் பிளாட்பாரம் என்று பெயர். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை அதன் பின்னாலேயே வரும். பின்னால் மனம் மாறினால் மதர்போர்டையே மாற்ற வேண்டும்.

ஜெசிந்தா பழைய பிளாட்பாரம் போதும் என்றாள். போர்டும் மலிவு, ரேமும் மலிவு. மிச்சத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாம். முகப்புப் படம் செய்ய அதுதான் முக்கியம். அந்தச் சாக்கெட்டுக்கு இனி புதிதாகப் பெரிய பிராசசர் வராது என்பது அவளுக்கும் தெரியும். அதைப்பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

எனக்கு இருந்தது. புதிய பிளாட்பாரம்தான் வேண்டும் என்றேன். இன்றைக்குச் சின்ன பிராசசர் போட்டுக்கொள்வோம், நாளைக்குப் பெரியது வந்தால் அதே போர்டில் மாட்டலாம், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்றேன். கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு மிஞ்சாதே என்றாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அப்புறம் என்ற சொல்லை நான் அவ்வளவு கம்பீரமாக உச்சரித்ததே இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"மேல நிக்குற கம்பி மாதிரியா நைனா?"

எங்கள் வீட்டு மொட்டை மாடித் தூண்களின் தலையில் கம்பிகளை அறுக்காமல் விட்டிருக்கிறோம். பின்னால் மாடி எழுப்ப ஏதுவாக இருக்கட்டும் என்று வீடு கட்டும்போது நான் விட்டது. கம்பி துருப்பிடித்து, மழை பெய்தால் சுவரில் காவி ஒழுகும். என் மனைவி லூர்து அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். செஞ்சியில் பாதி வீடுகள் இப்படித்தான் தலையில் கம்பியோடு நிற்கின்றன. அடுத்த மாடிக்காக இந்த மாடியை முடிக்காமல் விட்டவர்கள் நாங்கள்.

அவள் கேட்ட கேள்வியை நான் சிரித்துச் சமாளித்தேன். மறுநாளும் பிளாட்பாரப் பாடம் நடத்தினேன். அதற்கடுத்த நாளும். ஒரு மாலை அவள் செல்போனை வைத்துவிட்டு, "உங்க இஷ்டம் நைனா," என்றாள்.

அந்த வாக்கியத்தை அதே குரலில் நான் முன்பு ஒரு முறை கேட்டிருக்கிறேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது. அப்போதும் நான் இப்படித்தான் ஒப்பிட்டேன். படிப்பு, வேலை, சொந்த வீடு, வருங்காலம். வருங்காலத்துக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன். பையனுக்கு நிகழ்காலம் சரியில்லை என்பதை அவள் கல்யாணமாகிப் பெங்களூர் போய்த் தெரிந்துகொண்டு திரும்பி வந்தாள். இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. இந்த அத்தியாயத்தையே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டப்பாவோட இருக்கட்டும் சார்

கூரியரில் முதலில் வந்தது மதர்போர்டு. ஜெசிந்தா அன்று திண்டிவனம் போயிருந்தாள். லூர்து ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நானும் பெட்டியும் மட்டும் வீட்டில்.

எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். வண்டி வாங்கினால், போர்வெல் போட்டால், மாவு மெஷின் வாங்கினால், சாமியாரைக் கொண்டு மந்திரிக்காமல் தொடங்க மாட்டோம். நான் விஞ்ஞானம் நடத்தியவன். அதையெல்லாம் பார்த்துப் புன்னகை செய்கிற கட்சி. என் ஸ்கூட்டரை மந்திரிக்க வேண்டும் என்று லூர்து கேட்டபோது, பிரேக்கைச் சரிபார்த்தால் போதும் என்றவன்.

அன்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். போகும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் அதைவிட அதிகமாக இருந்தது. நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஒன்று ஏற்கெனவே அவளுக்குக் கூடிவரவில்லை. இது இரண்டாவது.

பங்குச் சாமியார் இளைஞர், என்னிடம் படித்தவர். பெட்டியைத் திறந்து போர்டை எடுத்து நீட்டினேன். அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"சார், இது எலக்ட்ரானிக் ஐட்டம். டப்பாவோட இருக்கட்டும் சார்."

மூடச் சொல்லி, ஜெபம் சொல்லி, மூடிய பெட்டியின் மேல் லேசாகத் தீர்த்தம் தெளித்தார். அட்டையில் விழுந்தது, அட்டையிலேயே காய்ந்தது. சரியான மனிதர். எனக்கு மனம் ஆறவில்லை. ஆசீர்வாதம் அட்டைக்குப் போய்விட்டதே, உள்ளே இருக்கும் பொருளுக்குப் போகவில்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மாதா சுரூபத்தின் பின்னால் லூர்து ஒரு பாட்டில் தீர்த்தம் வைத்திருப்பாள். போர்டை மேசையில் வைத்தேன். சாக்கெட்டின் கறுப்பு மூடியை எடுத்தேன்; இருதயமே அதுதானே, அங்கே படட்டும் என்று. விரலில் தொட்டுத் தெளித்தேன். நான் நினைத்ததைவிடப் பெரிய சொட்டு.

பின்களுக்கு நடுவே அது உருண்டு நின்றதைப் பார்த்ததும்தான் எனக்குள் இருந்த இயற்பியல் வாத்தியார் விழித்தார். விழித்தவர் சும்மா இருந்திருக்கலாம். பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கி ஒற்றி எடுத்தார். துண்டின் நூல் எதிலோ மாட்டியது. இழுத்தார்.

மூடியைப் பொருத்தி, போர்டைப் பெட்டிக்குள் வைத்து, ஒன்றும் நடக்காதது போல டீ போட்டுக் குடித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் என் பெயரே உப்பு சார். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ஒரு கிளாஸில் வாலை வடிநீர், அதில் இரண்டு ஒயர், ஒரு சின்ன பல்பு. எரியாது. ஒரு கரண்டி உப்பைப் போட்டதும் எரியும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். தீர்த்தத்துக்கு எங்கள் ஊரில் உப்பு மந்திரித்துக் கலப்பது வழக்கம். ஊருக்கே தெரியும். உப்பு சாருக்கும் தெரியும்.

அவள் கை

மற்ற பாகங்கள் வந்துசேர்ந்தன. ஜெசிந்தா அவற்றை எவ்வளவு கவனமாகக் கோர்த்தாள் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வளையலைக் கழற்றி வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். பிராசசரின் மூலையில் இருக்கும் முக்கோணக் குறியைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர்கள்கூட அவ்வளவு மெதுவாகப் போட மாட்டார்கள்.

பிறகு நடந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் போர்டு விற்ற கடைக்குப் போன் போட்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண். மாட்டும்போது நானே வளைத்துவிட்டேன் என்று அவளாகவே சொன்னாள். அப்படியானால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என் குற்றத்தை என் காது கேட்கத் தன் பெயரில் ஒப்புக்கொண்டாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தலைகீழாக இல்லை; அந்த அளவுக்குச் சாமர்த்தியம் இருந்தது.

கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அந்தக் கூண்டுக்குள் அதே சாமியார்தான் உட்கார்ந்திருப்பார். டப்பாவோட இருக்கட்டும்னு சொன்னேனே சார் என்பார். போகவில்லை.

மறுநாளும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜெசிந்தா ஊசி முனையால் பின்களை நிமிர்த்தப் பார்த்தாள். ஒன்று ஒடிந்தது. அதன் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சாப்பிடும்போது தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திண்டிவனத்துக்குப் போன் பண்ணி வேற ஆள பாத்துக்கச் சொல்லிடறேன்," என்றாள். "நான் கைய வச்சா எதுவும் உருப்படறதில்ல. எல்லாம் என் கையி."

எல்லாம் என்று அவள் சொன்னதில் பெங்களூரும் இருந்தது. அது எனக்கு விளங்கியது. அப்போதும் நான் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பேச்சை எடுத்தவள் லூர்துதான். மந்திரிக்காமல் ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும் என்றாள். கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தாயிற்றே என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. குறுக்கே போய் விழுந்தேன்.

"இன்னாத்த மந்திரிச்சீங்க? டப்பாவத்தானே மந்திரிச்சாரு ஃபாதரு. எங்கிட்டயே சொன்னாரு. உள்ள இருக்குற சாமானுக்கு இன்னா பலன்?"

நாற்பது வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு ஒரு வியாதி உண்டு. தவறான தகவல் காதில் விழுந்தால் திருத்தாமல் இருக்க முடியாது.

"உள்ளயும் தெளிச்சாச்சு," என்றேன்.

ஜெசிந்தாவின் கை தட்டிலேயே நின்றது.

"எங்க தெளிச்சீங்க?"

சொன்னேன். சாக்கெட்டில் என்றேன். மூடியைக் கழற்றி என்றேன். சொட்டு, துண்டு, நூல், இழுத்தது, வரிசையாகச் சொன்னேன். செய்முறைத் தேர்வில் பையன் ஒப்பிப்பது போல இருந்தது என் குரல். லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெசிந்தா கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு புறங்கையைப் பார்த்தாள்.

"அப்ப நான் வளைக்கல."

"நீ வளைக்கலம்மா."

"நேத்து கடைக்காரன்கிட்ட பேசும்போது நீங்க பக்கத்து ரூம்லதான இருந்தீங்க."

இருந்தேன் என்றேன். எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து வாசற்படியில் நின்று கேட்டாள்.

"பல்பு எரிஞ்சுதா நைனா?"

பத்தாம் வகுப்பில் அவளும் என் மாணவிதான். அந்த வருஷம் உப்புக் கரண்டியைப் பிடித்து நின்றவள் அவள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை, பல நாள்.

வேலை செய்கிற சாக்கெட்

ஆனால் திண்டிவனத்துக்கு அவள் போன் செய்யவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

மறுநாள் காலை புதிய பிராசசரையும் ரேமையும் பிரித்துப் பெட்டியில் போட்டாள். யாரிடமோ நஷ்டத்துக்கு விற்றாள். பஸ் ஏறி விழுப்புரம் போனாள். திரும்பி வரும்போது பையில் யாரோ பயன்படுத்திய பழைய பிளாட்பாரத்துப் போர்டு, அதற்கான பிராசசர், ரேம். இன்னொரு பையில் பழைய கிராபிக்ஸ் கார்டு. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் அந்தச் சின்ன சத்தம் கேட்டது. லூர்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, வந்துடுச்சு என்றாள், பிரசவ அறை வாசலில் நிற்பவனிடம் சொல்வது போல.

தளவானூர் விவசாயி கடைக்கால் போடும் நாளுக்கு முந்தின நாள் படம் போய்ச் சேர்ந்தது. கேட்டுக்கு அவர் கேட்ட பச்சை வர்ணம். மறு மாதத்திலிருந்து வீடுகள் தொடர்ந்து வருகின்றன. சண்முகத்திடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, கடைசியில் சிவப்பா நீலமா என்பதுதான்.

எனக்கும் அது தெரியவில்லை. அவள் பேச ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன்.

"என்ன சாக்கெட்டும்மா அது?"

"வேலை செய்யற சாக்கெட்டு."

அதற்கு மேல் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அந்த அறைக்குள் நான் போவதும் இல்லை. மாதாவின் பின்னாலிருந்த பாட்டில் எங்கே போனது என்றும் தெரியவில்லை. லூர்து இடம் மாற்றிவிட்டாள்.

போன வாரம், வெயில் தாழ்ந்த நேரம். வராந்தாவில் இருந்தேன். கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள். இன்னொரு ரேம் வாங்கியிருக்கிறாள், கேபினெட்டுக்குள் மாட்ட வேண்டும், கரண்ட் இல்லை.

"நைனா, இந்த டார்ச்சப் பிடிங்க. எதையும் தொடாதீங்க."

துண்டைக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனேன். இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்தேன். வயசு, வெளிச்சம் ஆடியது.

"ஆடாம பிடிங்க நைனா."

மூச்சை அடக்கிப் பிடித்தேன். ரேமை இரண்டு முனையிலும் விரல் வைத்து அழுத்தினாள். டக் என்று உட்கார்ந்தது. என் வெளிச்சம்தான் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கை ஆடவில்லை.